பேட்டரி கேள்விகள்: கடைக்கு வராத அதிசயமும் வீட்டில் இருக்கும் இன்வெர்ட்டரும்

பேட்டரி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். எந்த கம்பெனி ஸ்கூட்டர் வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஏறும் பேட்டரி, ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் பேட்டரி என்று மாதம் ஒரு செய்தி வருகிறது. கடையில் போய்க் கேட்டால் ஒன்றையும் காணோம். எல்லாம் புருடாவா? (தஞ்சாவூர் வாசகர்)

புருடா இல்லை, முழுக்கதையும் இல்லை. ஆய்வகத்தில் அந்த எண் நிஜமாகவே கிடைத்திருக்கும். ஆனால் பெரும்பாலும் அது சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு செல்லில், இதமான வெப்பநிலையில், நிதானமாக ஏற்றி இறக்கிப் பார்த்துக் கிடைத்தது. ஒரு பேட்டரி கடைக்கு வர வேண்டுமென்றால் எடைக்கு எவ்வளவு மின்சாரம் பிடிக்கும், எவ்வளவு வேகமாக ஏறும், எத்தனை ஆண்டு உழைக்கும், தீப்பிடிக்காமல் இருக்குமா, என்ன விலை என்று எல்லாப் பாடத்திலும் பாஸாக வேண்டும். செய்தியில் வருவது ஏதோ ஒரு பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியதைப் பற்றி. மற்ற மார்க்கை யாரும் சொல்வதில்லை.

1970களில் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்காம் செய்த பேட்டரியில் ஒரு முனை சுத்தமான லித்தியம் உலோகம். எடைக்கு எடை பார்த்தால் அதை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் சார்ஜ் ஏற்றும்போதெல்லாம் லித்தியம் சமமாகப் படியாமல் ஊசி ஊசியாக வளர்ந்து, எதிர் முனையைத் தொட்டு, ஷார்ட் ஆகும். கனடாவில் மோலி எனர்ஜி என்ற நிறுவனம் துணிந்து அதே வகையை விற்றது. 1989-இல் ஜப்பானில் ஒரு கைபேசி தீப்பிடித்ததும் எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. ஜப்பானின் அகிரா யோஷினோ செய்தது என்னவென்றால், லித்தியம் உலோகத்தையே தூக்கிவிட்டு, லித்தியம் புகுந்து வெளியேறும்படி ஒரு கரிப்பொருளை வைத்தார். மறுமுனையில் ஜான் குட்இனஃப் 1980-இல் கண்டுபிடித்த கோபால்ட் ஆக்சைடு. 1991-இல் சோனி அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. இன்று அந்த இடத்தில் இருக்கும் கிராஃபைட் எடைக்கு எடை லித்தியம் உலோகத்தில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம்தான் பிடிக்கும். அப்படியும் அதுதான் ஜெயித்தது. மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தபோது குட்இனஃபுக்கு வயது 97.

இப்போது பேசப்படும் திடநிலை பேட்டரி பழைய லித்தியம் உலோகத்தைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சிதான், நடுவில் திரவத்துக்குப் பதில் திடப்பொருள். டொயோட்டா 2027, 2028 என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. திடப்பொருளும் திடப்பொருளும் ஒட்டியே இருக்க வேண்டும், ஏற்றி இறக்கும்போது உப்பிச் சுருங்குவதில் நடுவே விரிசல் விடும், அவர்கள் எடுத்திருக்கும் சல்ஃபைடு வகையில் கொஞ்சம் ஈரம் பட்டாலும் அழுகிய முட்டை நாற்றத்தோடு நச்சு வாயு வரும். வரும், ஆனால் முதலில் விலை உயர்ந்த கார்களில்தான் வரும் என்பது என் கணிப்பு.

அப்புறம், ஐந்து நிமிட சார்ஜ் வந்தேவிட்டது, சீனாவில். 2025 மார்ச்சில் பிஒய்டி என்ற கார் நிறுவனம் அறிவித்தது: ஐந்து நிமிடத்தில் 400 கிலோமீட்டருக்கான சார்ஜ். அந்த சார்ஜருக்கு 1 மெகாவாட், அதாவது 1000 கிலோவாட் வேண்டும். நம் ஊர்த் தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் 63 அல்லது 100 கேவிஏ, ஏறக்குறைய அத்தனை கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காருக்குச் சார்ஜ் போட அப்படிப் பத்து டிரான்ஸ்ஃபார்மர். பேட்டரி தயார், கம்பி தயாரில்லை.

என் மின்சார ஸ்கூட்டரில் 18 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது. சிக்னலில் நின்று கிளம்புவதற்குள் 4 ஆகிவிட்டது. கேட்டால் "எல்எஃப்பி அப்படித்தான் சார்" என்கிறார்கள். சமாளிக்கிறார்களா? (ஓசூர் வாசகர்)

இந்த ஒரு தடவை அவர்கள் சொன்னது சரி.

எல்எஃப்பி என்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதில் ஒரு செல்லின் வோல்டேஜ் 80 சதவீதத்திலும் ஏறக்குறைய 3.3, 30 சதவீதத்திலும் ஏறக்குறைய அதுவேதான். வோல்டேஜைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல வழியே இல்லை. அதனால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட், எவ்வளவு கரண்ட் உள்ளே போனது, எவ்வளவு வெளியே போனது என்று கணக்கு எழுதிக்கொண்டே இருக்கும். நாள் ஆக ஆகக் கணக்கு பிசகும். கடைசிப் பத்துப் பதினைந்து சதவீதத்தில் வோல்டேஜ் திடீரென்று விழும்போதுதான் அதற்கே உண்மை தெரியும், எண்ணை ஒரேயடியாக இறக்கிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது: வாரம் ஒரு முறை 100 வரை ஏற்றி, நிறைந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். கணக்கு நேராகும். என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த) வகை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான அறிவுரை. அவர்கள் தினசரி 80-இல் நிறுத்துவது நல்லது, ஏனென்றால் அந்த வகைக்கு உச்ச வோல்டேஜில் கிடப்பது ஆகாது.

எல்எஃப்பியை மட்டமாக நினைத்துவிடாதீர்கள். 1990களின் பிற்பகுதியில் டெக்சஸில் அதே குட்இனஃப் குழுவில் பிறந்த சரக்கு. அப்போது யாரும் பெரிதாக மதிக்கவில்லை. மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, எடைக்குப் பிடிப்பதும் குறைவு. பொடியை மிக நுணுக்கமாக அரைத்து, மேலே கரி பூசிய பிறகுதான் வேலைக்கு ஆயிற்று. கோபால்ட் வேண்டாம், நிக்கல் வேண்டாம், இரும்பு போதும். பாஸ்பரஸ் தன் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்திருப்பதால், சூடானாலும் ஆக்சிஜனை எளிதில் வெளியே விடாது. என்எம்சி விட்டுவிடும், தீக்கு அதுவே எண்ணெய். 2024-இல் உலகின் மின்சார வாகன பேட்டரிகளில் ஏறக்குறைய பாதி எல்எஃப்பி. மலிவாகவும் நெடுநாள் உழைப்பதாகவும் இருந்து மெதுவாக மேலே வந்த பேட்டரி இது. என்னைக் கேட்டால் கடந்த பத்தாண்டின் பெரிய பேட்டரிச் செய்தி இதுதான், ஒரு நாள்கூடத் தலைப்புச் செய்தி ஆகவில்லை.

இன்வெர்ட்டர் பேட்டரி போய்விட்டது. லித்தியம் போடச் சொல்கிறார்கள், விலை மலைக்க வைக்கிறது. போடலாமா? (தென்காசி வாசகி)

கரண்ட் எவ்வளவு போகிறது என்று முதலில் சொல்லுங்கள் அம்மா, அதில்தான் பதில் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்துவார்கள், மற்றபடி எப்போதாவது அரை மணி நேரம் என்றால் பழைய ஈய-அமில டியூபுலர் பேட்டரியே போதும். 1859-இல் காஸ்டோன் பிளாண்டே கண்டுபிடித்த சமாச்சாரம், இன்னும் சாகவில்லை என்றால் காரணம் இருக்கிறது. பழையதைக் கொடுத்தால் புதியதில் கணிசமாகக் கழித்துக்கொள்கிறார்களே, அது ஈயத்துக்கான விலை. உருக்கி மறுபடி பேட்டரி ஆக்கிவிடுவார்கள். லித்தியம் பேட்டரிக்கு அப்படி ஒரு காயலான் கடை விலை நம் ஊரில் இன்னும் வரவில்லை.

தினமும் போகிறது, அல்லது கூரையில் சோலார் இருக்கிறது என்றால் கணக்கு மாறும். 12 வோல்ட், 150 ஏஎச் என்றால் பெயருக்கு 1800 வாட்-அவர், அதாவது 1.8 யூனிட். ஆனால் ஈய-அமிலத்தை தினமும் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். ஆக உண்மையில் கையில் இருப்பது 0.9 யூனிட். 100 ஏஎச் எல்எஃப்பி வாங்கினால் பெயருக்கு 1.28 யூனிட், அதில் எண்பது தொண்ணூறு சதவீதத்தை தினமும் எடுக்கலாம். சின்னதுதான் பெரியது. தூக்கிப் பார்த்தாலே தெரியும்: அது 50 கிலோவுக்கு மேல், இது 12, 13 கிலோ.

ஒன்று கவனியுங்கள். பழைய இன்வெர்ட்டரில் லித்தியத்தை அப்படியே மாட்டிவிட வேண்டாம். லித்தியம் மோட் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சார்ஜ் ஏற்றும் வோல்டேஜ் ஒத்துப்போகாது, பிஎம்எஸ் அடிக்கடி கட் ஆகும். ஈய-அமிலத்திலேயே தொடர்வதாக இருந்தால், குழாய்த் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். உப்பு உள்ளே போனால் போனதுதான், தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் காற்று போகாத அலமாரிக்குள், அதுவும் விளக்கேற்றும் பூஜை அறைக்குப் பக்கத்தில், வைக்கக் கூடாது.

விமானத்தில் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் கொண்டுபோகலாமா? (மதுரை வாசகர்)

கைப்பையில் கொண்டுபோகலாம். பெட்டியில் போட்டு செக்-இன் செய்யக் கூடாது. வரம்பு 100 வாட்-அவர். 20,000 எம்ஏஎச்சை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74. சுமார் 27,000 எம்ஏஎச் வரை பிரச்சினை இல்லை. ஆனால் 2025 ஜனவரியில் தென் கொரியாவில் ஏர் பூசான் விமானம் ஒன்று தரையிலேயே எரிந்த பிறகு, பறக்கும்போது அதில் சார்ஜ் போடுவதையே பல நிறுவனங்கள் தடுத்துவிட்டன.

சோடியம் பேட்டரி உப்பிலிருந்து வருகிறதாமே. எங்கள் உப்பளங்களுக்கு நல்ல காலம் பிறக்குமா? (தூத்துக்குடி வாசகர்)

ஆசை நியாயமானது, ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். உப்பிலிருந்து சோடா ஆஷ், அதிலிருந்துதான் பேட்டரிக்கான சோடியம். சோடா ஆஷ் ஆலை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆனால் சோடியம் மலிவு என்பதாலேயே அதில் யாருக்கும் பெரிய பணம் இல்லை. கண்ணாடிக்கும் சலவைத்தூளுக்கும் போவதோடு ஒப்பிட்டால் பேட்டரிக்குப் போவது கொசுறு.

சோடியத்தின் பலம் வேறு இடத்தில். லித்தியம் பேட்டரியில் ஒரு முனையில் தாமிரத் தகடு வேண்டும், சோடியத்தில் இரண்டு பக்கமும் அலுமினியமே போதும். பூஜ்ஜியம் வோல்ட் வரை இறக்கி, உயிரில்லாத பொருளாக லாரியில் ஏற்றலாம். கடும் குளிரிலும் வேலை செய்யும் (இது நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள், லடாக்கில் கேட்பார்கள்). பலவீனம், சோடியம் அணு பெரியது, எடையும் கூட. கிராஃபைட்டுக்குள் சரியாகப் புகாது. அதனால் எடைக்குப் பிடிக்கும் மின்சாரம் குறைவு, சீனாவின் சிஏடிஎல் பேட்டரி நிறுவனம் 2025-இல் அறிவித்தது கிலோவுக்கு 175 வாட்-அவர், அதாவது எல்எஃப்பி பக்கம் இப்போதுதான் வருகிறது. இன்னொரு துரதிர்ஷ்டம்: லித்தியம் விலை 2022 கடைசியில் உச்சத்தில், சீனாவில் டன் ஏறக்குறைய 6 லட்சம் யுவானில், இருந்தபோது எல்லோரும் சோடியத்தின் பின்னால் ஓடினார்கள். 2024-இல் அதே லித்தியம் கார்பனேட் 1 லட்சத்துக்கும் கீழே. ஓட்டம் நடையாகிவிட்டது.

லாபம் பார்க்கக்கூடியவர்கள் காங்கேயத்துக்காரர்களாக இருக்கலாம். கிராஃபைட்டுக்குப் பதில் இதில் வைப்பது ஹார்ட் கார்பன் என்ற ஒருவகைக் கரி, அதைச் செய்யத் தேங்காய்ச் சிரட்டை நல்ல மூலப்பொருள். ஆனால் சிரட்டைக் கரி சுடும் புகையால் கிணறும் காற்றும் கெடுகிறது என்று அந்தப் பக்கம் ஏற்கெனவே புகார்கள் உண்டு. பேட்டரிக்கான கரியை மூடிய உலையில்தான் செய்ய முடியும். அப்படிச் செய்தால் ஊருக்கும் நல்லது.

காஷ்மீரில் லித்தியம் கிடைத்ததே, என்ன ஆயிற்று? (சேலம் வாசகர்)

2023 பிப்ரவரியில் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் என்று அறிவித்தார்கள். அது தோண்டி அளந்த கணக்கு இல்லை, ஆரம்ப ஆய்வில் ஊகித்த தாது அளவு. ஏலம் விட்டபோது போதுமான ஆட்கள் வராமல் ரத்தானது. களிமண் வகைத் தாது, பிரித்தெடுப்பது கடினம். உலகின் பெரும்பங்கு லித்தியம் ஆஸ்திரேலியப் பாறையிலிருந்தும் சிலி நாட்டு உப்பு ஏரிகளிலிருந்தும் வருவது சும்மா இல்லை.

எங்கள் வீட்டுக் கூரையில் சோலார் இருக்கு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் நேரம் அதை நிறுத்தி வைக்கச் சொல்லி அறிவித்தல் வந்தது. வெயில் கொளுத்துகிறபோது சோலாரை நிறுத்துவதா? (யாழ்ப்பாண வாசகர்)

கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் அவர்களுக்கு வேறு வழி குறைவு. விடுமுறையில் ஆலைகளும் அலுவலகங்களும் மூடிக் கிடக்கும், தேவை விழும், கூரைகளிலிருந்து மின்சாரம் பொங்கும். அதற்கு இடம் கொடுக்க நிலக்கரி, டீசல் நிலையங்களின் சுழலும் இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். அந்த இயந்திரங்களின் கனம்தான் ஒரு திடீர் அடி விழும்போது வலையமைப்பைச் சில நொடிகள் தாங்கிப் பிடிப்பது. சோலார் தகட்டில் சுழல்வது எதுவும் இல்லை. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடு முழுக்க இருண்டது நினைவிருக்கும். எல்லோரும் குரங்கைத் திட்டினார்கள். ஞாயிறு வெயில், குறைந்த தேவை, நிறைய சோலார், சுழல்வது கொஞ்சம். குரங்கு வராவிட்டால் இன்னொன்று வந்திருக்கும்.

பேட்டரி இங்கே இரண்டு வேலை செய்யும். பகல் மின்சாரத்தை ஆறு மணிக்குத் தள்ளுவது ஒன்று. அடி விழுந்த ஒரு நொடிக்குள் பாய்ந்து தாங்குவது இன்னொன்று. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2016-இல் மாநிலமே இருண்ட பிறகு, "100 நாளில் கட்டாவிட்டால் இலவசம்" என்று எலான் மஸ்க் பந்தயம் கட்டி, 2017-இல் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி வைத்தார். சில வாரங்களிலேயே, வேறு மாநிலத்தில் ஒரு பெரிய நிலக்கரி யூனிட் விழுந்தபோது, மற்ற நிலையங்கள் விழித்துக்கொள்வதற்கு முன் அது மின்சாரம் ஊட்ட ஆரம்பித்துவிட்டது.

தீ பற்றிப் பயம் இருந்தால் அதுவும் நியாயம். 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் பெரிய பேட்டரி நிலையம் எரிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. அங்கே என்எம்சி பேட்டரிகளை ஒரு பழைய கட்டடத்துக்குள் அடுக்கி வைத்திருந்தார்கள். இப்போது வாங்குகிறவர்கள் எல்எஃப்பியை, திறந்த வெளியில், இடைவெளி விட்ட கன்டெய்னர்களில் வைக்கக் கேட்க வேண்டும். எடையைப் பற்றிக் கவலையே இல்லாத இடத்தில் எடை குறைந்த பேட்டரி எதற்கு?

ஹைட்ரஜன் வந்தால் பேட்டரிக்கு வேலை இருக்காது என்கிறார்களே? (கோவை வாசகர்)

காருக்கு என்றால் இல்லை. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க நடைமுறையில் 50 யூனிட்டுக்கு மேல் ஆகும். அழுத்தி, ஏற்றி, ஃப்யூல் செல்லில் மறுபடி மின்சாரமாக்கினால் கையில் வருவது மூன்றில் ஒரு பங்கு போல. பேட்டரியில் போட்டால் 85, 90 சதவீதம் திரும்பும். உரம், எஃகு, சுத்திகரிப்பு ஆலை இவற்றுக்கு ஹைட்ரஜன் வேண்டியதுதான், அங்கே பேட்டரியால் ஒன்றும் ஆகாது. சென்னை ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2025 ஜூலையில் சோதித்த ஹைட்ரஜன் ரயில் பெட்டி நல்ல பொறியியல். ஆனால் மேலே மின்கம்பி இழுத்த பாதையில் அது எதற்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. கம்பி இழுக்க முடியாத மலைப்பாதைக்கு வேண்டுமானால் சரி.

காரைக்குடியில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது, ஸ்கூட்டர் எல்லாம் தமிழ்நாட்டில்தான் தயாராகிறது. செல் மட்டும் ஏன் சீனாவிலிருந்து? (காரைக்குடி வாசகி)

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம் அது. மின்வேதியியலுக்கென்றே இப்படி ஒரு பெரிய ஆய்வகம் பல நாடுகளில் கிடையாது. அறிவுக்குப் பஞ்சம் இல்லை. சறுக்குவது ஆலையில்.

லித்தியம் செல்லின் திரவத்தில் இருக்கும் உப்பு, ஈரம் பட்டால் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் ஆகும். செல்லை உள்ளிருந்தே தின்றுவிடும். அதனால் திரவம் நிரப்பும் அறையின் காற்று கிட்டத்தட்ட மைனஸ் 40 டிகிரி பனிநிலை அளவுக்கு, அதாவது அவ்வளவு குளிர்வித்தால்தான் அதிலுள்ள ஈரம் படியும் என்ற அளவுக்கு, வறண்டிருக்க வேண்டும். உள்ளே வேலை பார்ப்பவரின் மூச்சுக்காற்றும் வியர்வையும்கூடக் கணக்கு, இத்தனை பேருக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். சென்னைக் காற்றை அந்த அளவுக்கு வறட்ட ஆகும் மின்சாரச் செலவை நினைத்துக்கொள்ளுங்கள். தாமிரத் தாளில் மாவு பூசுவது மயிரிழை பிசகக் கூடாது. புது ஆலையில் முதலில் வருவதில் பெரும்பகுதி கழிவாகவே போகும், அந்த நஷ்டத்தைத் தாங்கித்தான் கைப்பழக்கம் வரும். சீனா அதைத் தாங்கி முடித்துவிட்டது, இப்போது கேத்தோடு (செல்லின் நேர்முனை) தயாரிக்கும் நுட்பத்தை வெளியே விடவும் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. நம் மத்திய அரசு 2021-இல் 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகையை 50 கிகாவாட்-அவர் செல் தயாரிக்கும் திறனுக்கு என்று ஒதுக்கியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலாவின் செல் ஆலை அப்படி வந்ததுதான். மொத்த இலக்கில் எழும்பி நிற்பது சிறு பகுதி. பணம் ஒதுக்கியதில் குறை இல்லை, ஆனால் ஆலை ஓட்டத் தெரிந்த ஆட்களை உருவாக்க ஒதுக்கியது என்ன என்று யாராவது கேட்கலாம்.

மழை வெள்ளத்தில் ஸ்கூட்டர் பாதி மூழ்கியது. காய்ந்த பிறகு நன்றாகத்தான் ஓடுகிறது. சார்ஜ் போடலாமா? (சென்னை, வேளச்சேரி வாசகர்)

வேண்டாம். பேட்டரி இருக்கும் உயரம் வரை தண்ணீர் வந்திருந்தால் நன்றாக ஓடுவதை நம்பவே நம்பாதீர்கள். உள்ளே தங்கிய ஈரம் இணைப்புகளை மெதுவாக அரிக்கும், தீ பல நாள் கழித்துக்கூட வரலாம். 2022-இல் ஃபுளோரிடாவில் இயன் புயலுக்குப் பிறகு, கடல்நீரில் நின்ற கார்கள் அப்படித்தான் எரிந்தன. சர்வீஸில் பேட்டரியைப் பிரித்துப் பார்க்கும் வரை வண்டியை வீட்டுக்கு வெளியே, மற்ற வண்டிகளிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். அடுக்குமாடியில் மாடிப்படிக்குக் கீழே நிறுத்துவது கூடவே கூடாது, எல்லோரும் இறங்கி ஓட வேண்டிய வழி அது ஒன்றுதான்.

செல்போன் பேட்டரியை ஃப்ரிட்ஜில் வைத்தால் ஆயுள் கூடுமா? (திருநெல்வேலி வாசகர்)

கூடாது. ஈரம் கோத்துக்கொள்ளும். சார்ஜ் போடும்போது தலையணைக்கு அடியில் வைக்காமல் இருங்கள், அதுவே போதும். பின்பக்கம் உப்பியிருந்தால் அமுக்கிப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.